டாக்டர் இரண்டாவது முறை காலமான நாள்

ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். வழி எனக்குத் தெரியும். நானே செய்து பார்த்திருக்கிறேன், அமோகமாகப் பலித்தும் இருக்கிறது. ஆனால் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. ஒரு தெருவையே கண்கலங்க வைத்துத்தான் என் வாழ்க்கையின் முதல் கூட்டத்தைச் சேர்த்தேன்.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஞானசிகாமணி என்ற கண் டாக்டர் கட்டியது. கீழே வைத்தியம், மேலே குடித்தனம். அவர் காலமாகி அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, சொந்தக்காரர்கள் ஓர் அறக்கட்டளை வைத்து வீட்டை அப்படியே நினைவில்லமாக மாற்றினார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலி, நோயாளிகள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்த எழுத்துப் பலகை, மூக்குக் கண்ணாடிகள் நிறைந்த அலமாரி எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருக்கும். அங்கே எனக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்தாறு. பதவியின் பெயர் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். (ஒட்டடை அடிப்பது, புறாவை விரட்டுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். டிக்கெட் மட்டும் அதிகம் கிழியவில்லை.)

யாருமே வரமாட்டார்கள். வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. அப்படியே தெரிந்தாலும் அது ஆங்கிலத்தில், எழுத்து உரிந்து கிடந்தது. கேட்டை எப்போதும் சாத்தியே வைக்க வேண்டும் என்பது அறக்கட்டளைச் செயலாளர் சாமுவேல் சாரின் கட்டளை. எழுபது தாண்டிய அவருக்கு மாடு உள்ளே வந்துவிடும் என்று பயம். மாடும் வரவில்லை, மனிதரும் வரவில்லை. காலையில் பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து பூட்டைத் திறந்து உள்ளே போவேன். சாயங்காலம் பூட்டிக்கொண்டு திரும்புவேன். நடுவில் பேசுவதற்கு டாக்டரின் படம் ஒன்றுதான் துணை.

அறக்கட்டளையின் தலைவி சாந்தா மேடம் நகரத்துக்குள் இருப்பவர். மகளைப் பார்க்க வெளிநாடு போன இடத்தில், இதே மாதிரி ஒரு பழைய வீட்டில் இலையுதிர்கால நிகழ்ச்சிகள் என்று பெரிய கூட்டம் கூடியதைப் பார்த்துவிட்டு வந்தார். நாமும் நடத்த வேண்டும் என்றார். தாம்பரத்தில் ஏது இலையுதிர்காலம்? ஐப்பசியில் இங்கே உதிர்வது முருங்கைக் கிளையும் கரண்டுக் கம்பியும்தான். ஆனால் மேடம் போனில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"இந்த சீசனுக்கும் ஆள் வரலைன்னா, கிறிஸ்மஸோட வீட்டைப் பூட்டிடலாம்னு கமிட்டில பேசறாங்க பியூலா. முதல் நாள் நானே வந்து பாக்கறேன். கொஞ்சம் கூட்டம் காட்டும்மா."

வீட்டைப் பூட்டினால் என் வேலையும் உள்ளே வைத்துப் பூட்டப்படும். அப்பா ஏற்கெனவே பேங்க் பரீட்சைப் புத்தகத்தை டீபாயின் மேல், கண்ணில் படுகிற மாதிரி வைக்க ஆரம்பித்திருந்தார். ஆகவே அந்தத் தொடக்க நாளுக்காக நான் முழு மூளையையும் செலவழித்தேன். அன்று நான் எடுத்த முடிவு ஒவ்வொன்றும், தனித்தனியாகப் பார்த்தால், மிகச் சரியானது. இதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன்.

முதலில் ஃப்ளெக்ஸ். பம்மலில் ஒரு கடையில் டாக்டரின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தேன். "கலர் கலரா வேணாம், கண்ணியமா இருக்கணும்" என்றேன். கடைக்காரர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "புரியுதுக்கா, நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்றார். மறுநாள் வந்த ஃப்ளெக்ஸில் டாக்டருக்கு வண்ணம் ஏறி, கன்னம் பளபளத்து, நேற்றுச் சாயங்காலம் வாக்கிங் போய் வந்தவர் போல இருந்தார். பின்னணி கருநீலம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் இலை காற்றில் விழுந்துகொண்டிருந்தது. (இலை மட்டும் நான் கேட்டு வாங்கியது.) கீழே அவருடைய பிறந்த வருஷம், இறந்த வருஷம், அதற்கும் கீழே நிகழ்ச்சி விவரம்.

சாமுவேல் சார் வந்து பார்த்துவிட்டு, "மாலை இல்லாம எப்படிம்மா?" என்றார். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆளுயர மாலை வந்தது. டாக்டரின் மார்புக்குக் கீழே இருந்த அத்தனையையும், அதாவது வருஷங்களையும் நிகழ்ச்சி விவரத்தையும் சேர்த்து, அது மூடிவிட்டது.

மழையில் தோட்டம் முழுக்கச் சேறு. அதனால் சாமியானாவைக் கேட்டுக்கு வெளியே தெருவோரமாகப் போடச் சொன்னேன். பந்தல்காரர், "வெள்ளதான் கீதுக்கா. கலரு ஃபுல்லா கல்யாணத்துக்குப் போயிட்ச்சு" என்றார். வெள்ளை என்றால் எடுப்பாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நாற்காலிகளை அவர் மேடையைப் பார்க்கப் போடாமல், தெருவைப் பார்க்க இரண்டு பக்கமும் ஓரமாகப் போட்டார். போகும்போது படத்தின் முன்னால் நின்று தலையைக் குனிந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை கண்ணைத் திறந்தால் திறக்க வரவில்லை. மெட்ராஸ் ஐ. ஒவ்வொரு மழைக்கும் சென்னையில் ஊர் சுற்றுகிற வியாதி, சரியாக அன்றைக்கு என்னிடம் வந்து இறங்கியிருந்தது. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன் என்றேன்.

"வாசல்ல நின்னு வரவேற்கப் போறவ கூலிங் கிளாஸ் போட்டா திமிரு புடிச்சவன்னு நினைப்பாங்க" என்றாள் அம்மா. கூடவே தன்னுடைய மிகச் சிறந்த சேலையையும் எடுத்துக் கொடுத்தாள். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் மிகச் சிறந்த சேலை என்றால் என்ன நிறம் என்று சொல்லத் தேவையில்லை. கோயிலுக்கு வெள்ளை, திருவிருந்துக்கு வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை. மெல்லிய பார்டர் போட்ட அந்த வெள்ளைச் சேலையில், தலையை ஒழுங்காகப் படிய வாரி, கண்ணில் நீர் வழிய, மாலை போட்ட டாக்டருக்குப் பக்கத்தில் எட்டு மணிக்கெல்லாம் போய்க் கைகூப்பி நின்றேன்.

முதலில் வந்தவர் எதிர்ச்சாரியில் இட்லிக் கடை வைத்திருக்கும் தனம் அக்கா. அத்தனை மாதத்தில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா பாப்பா? எதுர்லயே கடைய வெச்சிகினு எங்களுக்கே தெரியல பாரு."

அழைப்பு வைக்காததற்குக் கோபித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். "மன்னிச்சுக்கோங்கக்கா. எல்லாம் அவசர அவசரமா ஆயிடுச்சு. நீங்க வந்ததே எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பின்னாலேயே வந்த ஒரு பெண்ணிடம், "பித்து புடிச்சா மாதிரி பேசுது, பாவம்" என்றது என் காதில் விழுந்தது. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிகிறது போலும் என்று விட்டுவிட்டேன்.

"நீ எதுவும் பண்ணாத. இன்னிக்கு இந்த வூட்ல அடுப்பு பத்த வெக்கக் கூடாது. எல்லாருக்கும் இட்லி நான் அனுப்பறேன்" என்றார். அருங்காட்சியகத்துக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது உண்மையிலேயே எங்கள் விதி. அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அசந்துபோனேன்.

அதன் பிறகு கூட்டம் வந்தது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே வந்தது, பக்கத்துத் தெருவும் வந்தது. இப்படி ஒரு பண்பான கூட்டத்தை அதற்கு முன்னால் நான் எங்கும் கண்டதில்லை. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றார்கள். ஒருவர்கூட செல்ஃபி எடுக்கவில்லை. ஆண்கள் தெருவைப் பார்த்த நாற்காலிகளில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். இங்கே பொதுமக்களுக்குக் கலை ரசனை இல்லை என்று கமிட்டியில் சொன்னவர்களை எல்லாம் மனசுக்குள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன்.

கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "சின்ன வயசுல என் கண்ணுக்கு மருந்து வுட்டவரு இவரு. அப்பவே தல ஃபுல்லா நரைச்சிகீது" என்றார். நாற்காலி வரிசையில் உடனே ஒரு கணக்கு நடந்தது. எப்படிப் பார்த்தாலும் நூறு தாண்டியிருப்பார் என்று முடிவாயிற்று. அந்த வட்டாரத்தில் எது நடந்தாலும் முன்னால் நிற்கும் குமார் அண்ணன் எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். சற்று நேரத்தில் மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நாட்டுப்புறக் கலைக்கு சாந்தா மேடம் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்தேன். நன்றியில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இட்லித் தூக்கோடு திரும்பி வந்த தனம் அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மழ பேஞ்சாலும் சரி, டெய்லி காலைல வண்டிய நிறுத்திட்டு உள்ள போவ. சாயங்காலம் ஒண்டியா பூட்டிகினு போவ. கூடப் பேச ஒரு ஆளு கெடயாது, மாத்தி வுட ஒரு ஆளு கெடயாது. நாங்க பாத்துகினுதான் இருந்தோம் பாப்பா. எவ்ளோ செஞ்சிட்ட. இனிமேதான் நீ கொஞ்சம் ஓய்வா இருக்கணும்."

அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. வீட்டில் அது ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. கமிட்டியில் மின்கட்டணம் தவிர எதையும் கேட்கமாட்டார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் இட்லி ஊற்றிக்கொண்டே ஒருத்தர் நான் வருவதையும் போவதையும் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்து கேவிக் கேவி அழுதுவிட்டேன். அதைப் பார்த்து நாலைந்து பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் சூழ்நிலை புரிந்து அடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. இரண்டு பேர் பின்கதவைத் திறந்து ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டியை இறக்கினார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டாக்டரின் கருவிகளை வைக்க ஒரு கண்ணாடிப் பேழை வேண்டும் என்று நான் சேர்ந்த நாள் முதலாகக் கமிட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறடி நீளம், மேலே கண்ணாடி, மழைக்காலத்தில் ஈரம் தாக்காமல் உள்ளே குளிர்ச்சி. நான் கேட்டது அச்சு அசலாக இதைத்தான்.

"நடு ஹால்ல வைங்கண்ணா" என்றேன், அழுத முகம் பூரித்துப்போய். "இதுல கூலிங்கூட இருக்கா?"

"சூப்பரா நிக்கும்கா. பிளக் எங்க கீது?"

நானே ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டுக் கொடுத்தேன். பெட்டி உறுமிக் குளிர ஆரம்பித்தது. கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். எந்தப் பக்கம் லென்ஸ், எந்தப் பக்கம் இடுக்கி என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"பாடிய எடுத்துனு வர்றீங்களாக்கா? அடுத்து மேடவாக்கத்துல ஒரு வூட்டுக்கு இன்னொரு பாக்ஸ் போவணும்."

சில விஷயங்கள் மண்டையில் மெதுவாக ஏறும். இது அப்படி ஏறவில்லை, மொத்தமாக வந்து விழுந்தது. வெள்ளைச் சாமியானா, ஓரமாக நாற்காலி, மாலை போட்ட படம், விழுகிற இலை, மேளம், என் சேலை, என் கண். வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் ஒரு புது பேனர் கட்டியிருந்தார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. டாக்டர் சிறியதாக ஓரத்தில் இருந்தார். கைகூப்பிய குமார் அண்ணன் நடுவில் பெரியதாக இருந்தார்.

அந்த பேனருக்குக் கீழேதான் சாந்தா மேடத்தின் கார் வந்து நின்றது. இறங்கியவர் சாமியானாவைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திறந்த கதவு வழியாக நடு ஹாலில் உறுமிக்கொண்டிருந்த பெட்டியையும் பார்த்தார். சுற்றும் முற்றும் தேடிவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"சாமுவேல் அங்கிளா? நேத்துகூடப் பேசினாரே பியூலா" என்று உடைந்துபோனார். நான் வாயைத் திறப்பதற்குள், பின்கட்டிலிருந்து சாமுவேல் சார் ஈரக்கையை உதறிக்கொண்டே வந்தார். "வாம்மா சாந்தா. இட்லி நல்லா இருக்கு, சாப்பிடறியா?" என்றார். மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறைக்க வழியே இல்லை. என் வேலையை என் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாயிற்று என்று தெரிந்துவிட்டது. வரவேற்புரைக்காக வைத்திருந்த மைக்கை எடுத்தேன்.

"யாரும் சாகலைங்க. அதாவது, செத்துட்டாரு. ஆனா அவர் செத்து அறுபது வருஷம் ஆச்சு. இது அவர் வாழ்ந்த வீடு. இன்னிக்கு இதைச் சுத்திக் காட்டலாம்னு ஒரு நிகழ்ச்சி வெச்சோம். எல்லாரும் என்னை மன்னிச்சுடுங்க."

மேளம் நின்றது. முதலில் வாயைத் திறந்தவர் குமார் அண்ணன். "அப்ப பேனரு?" என்றார். தனம் அக்கா எழுந்து என் அருகே வந்தார்.

"அப்ப டெய்லி உள்ள போய் யாரப் பாத்துகினு இருந்த?"

"வீட்டைத்தான்க்கா."

"ஆளில்லாத வூட்டயா? ஒண்டியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ முன்னைவிட அதிகப் பரிதாபத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "செருப்ப அவுத்தாச்சு, கடைய மூடியாச்சு. வந்ததுக்கு உள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டே போவோம்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நடந்தார். மொத்தத் தெருவும் அவர் பின்னால் போயிற்று.

நான் தயார் செய்து வைத்திருந்த உரையை யாரும் கேட்கவில்லை. அவர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். எழுத்துப் பலகை முன்னால் வரிசை கட்டி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்து, ஒருவர் பார்வையை ஒருவர் கேலி செய்தார்கள். கைத்தடிப் பெரியவர் தான் உட்கார்ந்து மருந்து விட்டுக்கொண்ட பெஞ்சைக் கண்டுபிடித்து, சங்கிலியைத் தாண்டிப் போய் அதிலேயே உட்கார்ந்தார். அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் வாடகைக்குச் சொன்ன பெட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது என்று குமார் அண்ணன் அதில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினார். சாந்தா மேடம் இரண்டு பாட்டில் குடித்துவிட்டு, "நல்ல ஜில்லுனு இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போது மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று நின்றேன். "கமிட்டிக்கு எப்படி ஆள் வந்தாங்கன்னு சொல்ல வேணாம். வந்தாங்கன்னு மட்டும் சொல்றேன்" என்றார். வீடு பூட்டப்படவில்லை. கேட்டும் அன்றிலிருந்து திறந்தே இருக்கிறது. மாடு இரண்டு முறை வந்தது.

ஆனால் கதை அத்தோடு விடவில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்க மெட்ராஸ் ஐ. கண் டாக்டரின் வீட்டிலிருந்து ஊருக்கே கண் நோயைப் பரப்பிய புண்ணியம் என்னுடையது. அடுத்த நிகழ்ச்சியாக நான் ஏற்கெனவே போட்டிருந்தது இலவசக் கண் பரிசோதனை. தெருவில் அதற்குப் பதினாறாம் நாள் காரியம் என்று பெயர் வைத்துவிட்டு, பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடும் மீதிப் பேர் சிவந்த கண்ணோடும் வந்தார்கள். அன்று வாசலில் எடுத்த குரூப் போட்டோவை ஹாலில் மாட்டியிருக்கிறோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் அதன் முன்னால் நின்று, டாக்டர்மேல் மக்களுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

அப்பா பேங்க் பரீட்சைப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். ஆனால் எந்தத் தெருவில் சாமியானாவைக் கண்டாலும், "பியூலா, உன் புரோகிராமா பாரு" என்று சொல்லாமல் வண்டியைக் கடத்தமாட்டார்.

போன வருஷம் என் கல்யாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி வெள்ளைப் பட்டு கட்டி, அம்மாவைப் பார்த்து அழுது, கண்ணெல்லாம் சிவந்து, கோயில் வாசலில் நின்றிருந்தேன். தெருவையே திரட்டிக்கொண்டு தனம் அக்கா வந்து இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மற்ற விருந்தாளிகள் செருப்பைக் கழற்ற, இவர் மட்டும் கழற்றவில்லை. பின்னால் வந்தவர்களையும் கையால் தடுத்து நிறுத்திவிட்டு, நேராக அப்பாவிடம் போனார்.

"கண்ணீரும் கம்பலையுமா வெள்ளப் பொடவைல நிக்குது. எங்களுக்கு ஒரு தடவ ஆனது போதும் சார். மொதல்ல மாப்பிள்ளைய வெளிய கூப்டுங்க, பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை வெளியே வந்து நின்று வணக்கம் சொன்ன பிறகுதான் செருப்புகள் கழன்றன. இந்தக் கதையை இப்போது யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், உயிரோடு இருப்பதைக் காட்டிய பிறகே தனக்குப் பெண் கொடுத்தார்கள் என்று என் கணவரே ஆரம்பித்துவிடுகிறார்.